கம்பில் அடிச்சாம்பல் நோயும் மரபணு வரைபடமும்: மூலக்கூறு குறியீடுகள் விவசாயிக்கு என்ன தருகின்றன?

கம்பு விதைத்து இருபது, இருபத்தைந்து நாள் ஆனதும் வயலைச் சுற்றி வந்தால் சில செடிகள் மட்டும் வெளிறித் தெரியும். இலையின் அடிப்பகுதியிலிருந்து மஞ்சள் ஏறிவரும். அதிகாலையில் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் சாம்பல் பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்படிப்பட்ட செடி கதிர் விட்டாலும் தானியம் பிடிக்காது. கதிர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக் கொத்து நிற்கும். இதுதான் அடிச்சாம்பல் நோய். பச்சைக் கதிர் நோய் என்றும் சொல்வார்கள்.

மானாவாரி நிலத்தில் வருடத்துக்கு ஒரு வெள்ளாமைதான். மழை ஏமாற்றினால் ஒரு நஷ்டம். மழை பெய்தும் கதிர் பச்சைக் கொத்தாகிப் போனால் அது இன்னும் பெரிய நஷ்டம். உழவு, விதை, களையெடுப்பு என்று எல்லாச் செலவும் ஆன பிறகுதான் கதிர் ஏமாற்றும். நோயை மருந்து தெளித்து முழுமையாகக் கட்டுப்படுத்த மானாவாரி விவசாயிக்கு வசதியும் இல்லை, நேரமும் இல்லை. விதையிலேயே எதிர்ப்புச் சக்தி இருப்பதுதான் அவருக்கு ஏற்ற வழி.

அந்த எதிர்ப்புச் சக்தியை விதைக்குள் கொண்டுவர மரபணு வரைபடம், மூலக்கூறு குறியீடு ஆகிய இரண்டு கருவிகளை விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். இவற்றைக் கொண்டு ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களின் கம்பு ஒன்று எப்படிக் காப்பாற்றப்பட்டது, அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் காணலாம்.

நோய் எப்படிப் பரவுகிறது?

அடிச்சாம்பல் நோயை உண்டாக்குவது ஸ்கிளிரோஸ்போரா கிராமினிக்கோலா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர். இது இரண்டு வகை வித்துகளை உண்டாக்கும்.

முதல் வகை, தடித்த தோல் கொண்ட வித்துகள். நோய் கண்ட இலைகள் காய்ந்து உதிரும்போது இவை மண்ணில் விழுந்து பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அடுத்த முறை கம்பு விதைத்ததும் முளைக்கும் நாற்றின் வேர் வழியாக உள்ளே புகும்.

இரண்டாவது வகை, இரவில் இலையின் அடிப்புறத்தில் உருவாகும் மெல்லிய வித்துகள். நாம் காலையில் பார்க்கும் வெள்ளைப் படிவு இதுதான். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இரவுகளில் இவை காற்றில் பறந்து பக்கத்துச் செடிகளைப் பிடிக்கும். இளம் நாற்றுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வளரும் குருத்துக்குள் நோய் இறங்கிவிட்டால் செடி முழுவதும் அதன் பிடிக்குள் வந்துவிடும். பிறகு அந்தச் செடியை மீட்பது கடினம்.

எதிர்ப்புச் சக்தி ஏன் உடைகிறது?

இந்தியாவில் வீரிய ஒட்டுக் கம்பு 1965-ல் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ‘டிஃப்ட் 23ஏ’ என்ற ஆண் மலட்டுத் தாய்க் கம்பைக் கொண்டு எச்.பி. 1 என்ற ஒட்டு உருவாக்கப்பட்டது. அதே தாயைக் கொண்டு இன்னும் சில ஒட்டுகளும் வந்தன. விளைச்சல் நன்றாக இருந்ததால் வேகமாகப் பரவின.

ஆனால் அந்த ஒட்டுகள் எல்லாவற்றுக்கும் தாய் ஒன்றே. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் தன்மை அந்தத் தாய்க்கு இல்லை. 1971-ல் நோய் பெரிய அளவில் வெடித்தது. அதற்குப் பிறகு வந்த பல ஒட்டுகளுக்கும் இதே கதிதான். வெளியிட்டபோது நோயைத் தாங்கியது, பரப்பு கூடியது, சில ஆண்டுகளில் நோய்க்குப் பலியானது.

காரணம் இதுதான். ஒரே மாதிரி எதிர்ப்புச் சக்தி உள்ள கம்பை ஊர் முழுவதும், மாவட்டம் முழுவதும் விதைத்தால், அந்த எதிர்ப்பைத் தாண்டத் தெரிந்த நோய்க்கிருமி மட்டும் பிழைக்கும். அதுவே பெருகும். நான்கைந்து ஆண்டு போனதும் வயலில் இருப்பதெல்லாம் அந்த வகைதான். விதையின் தரம் குறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் மாறியது விதையல்ல, நோய்க்கிருமி.

65 நாளில் விளையும் கம்பு

ஹரியானாவின் ஹிசாரில் உள்ள சௌத்ரி சரண்சிங் ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1990-ல் எச்.எச்.பி. 67 என்ற வீரிய ஒட்டுக் கம்பை வெளியிட்டது. இதன் சிறப்பு வயது. விதைத்து ஏறத்தாழ 65 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

ராஜஸ்தானின் மேற்குப் பகுதியிலும் அதையொட்டிய ஹரியானாவிலும் மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. பருவமழை தாமதமாக வரும், சீக்கிரம் போய்விடும். அங்கே 85 நாள் கம்பை விதைத்தால் பால் பிடிக்கும் நேரத்தில் மண் காய்ந்துவிடும். 65 நாள் கம்பு அந்த வறட்சிக்கு முன்பே விளைந்துவிடும். மழை தாமதமானாலும் விதைக்கலாம். அறுவடை சீக்கிரம் முடிவதால், மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் கடுகோ கொண்டைக்கடலையோ போட்டு இன்னொரு வெள்ளாமை எடுக்கலாம். விவசாயிகள் இதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

பரப்பு கூடக் கூட பழைய கதை திரும்பியது. சில ஆண்டுகளில் எச்.எச்.பி. 67 வயல்களில் அடிச்சாம்பல் நோய் தலைகாட்டத் தொடங்கியது. இதைக் கைவிட்டு வேறு ஒட்டுக்கு மாறலாம் என்றால், அவ்வளவு குறைந்த வயதில் விளையும் மாற்று கைவசம் இல்லை. எனவே கேள்வி இப்படி எழுந்தது: கம்பின் வயது மாறக் கூடாது, கதிர் மாறக் கூடாது, தட்டை மாறக் கூடாது. நோய் எதிர்ப்பை மட்டும் உள்ளே சேர்க்க முடியுமா?

மரபணு வரைபடம் என்றால் என்ன?

ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்ற நூலிழைகள் உண்டு. கம்பில் 7 ஜோடி, அதாவது 14 குரோமோசோம்கள். செடியின் உயரம், வயது, கதிர் நீளம், நோயைத் தாங்கும் தன்மை என எல்லாவற்றுக்குமான மரபணுக்கள் இந்த இழைகளில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் எந்த மரபணு எந்த இழையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் ஊர்ப் புலப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் கிணறு எங்கே என்று கேட்டால், ‘14-வது கல்லுக்கும் 15-வது கல்லுக்கும் நடுவில்’ என்று சொல்வோம். எல்லைக்கல் தண்ணீர் தராது. ஆனால் கிணற்றின் இடத்தைச் சொல்லும். மூலக்கூறு குறியீடு என்பது அந்த எல்லைக்கல் மாதிரி. குரோமோசோம் இழையில் உள்ள டி.என்.ஏ.வில், ஒரு இரகத்துக்கும் இன்னொரு இரகத்துக்கும் வேறுபாடு தெரிகிற சிறு துண்டு அது. பெரும்பாலான குறியீடுகள் எந்தக் குணத்தையும் தாமே உண்டாக்குவதில்லை. அருகில் இருக்கும் மரபணுவின் இடத்தைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இந்தக் குறியீடுகளை வரிசைப்படுத்தி எழுதினால் கிடைப்பது மரபணு வரைபடம். கம்புக்கான முதல் மூலக்கூறு வரைபடம் 1994-ல் வெளிவந்தது. இங்கிலாந்தில் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையமும், வேல்ஸ் பகுதியின் பாங்கர் பல்கலைக்கழகமும், ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனமும் இந்தப் பணியில் சேர்ந்து உழைத்தன.

வரைபடம் எப்படித் தயாராகிறது?

இதற்கு முதலில் ஒரு ஒட்டு கட்ட வேண்டும். நோயைத் தாங்கும் கம்பு ஒன்று, தாங்காத கம்பு ஒன்று. இரண்டையும் சேர்த்து, அந்த ஒட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைச் செடிகளை நூற்றுக்கும் மேல் வளர்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தாத்தா, பாட்டியிடமிருந்து வெவ்வேறு பங்கு வந்திருக்கும்.

பாகப்பிரிவினையில் அடுத்தடுத்த துண்டு நிலங்கள் பெரும்பாலும் ஒரே பங்கில் விழும். ஊரின் இரு கோடியில் உள்ள நிலங்கள் வெவ்வேறு பங்கில் விழலாம். குரோமோசோமிலும் அப்படித்தான். அருகருகே இருக்கும் இரண்டு குறியீடுகள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். தூரத்தில் இருப்பவை அடிக்கடி பிரியும். நூறு பிள்ளைகளில் ஒன்றில் மட்டும் பிரிந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரு சென்டிமார்கன் தூரத்தில் இருப்பதாகக் கணக்கு. இப்படிப் பிரிவதை எண்ணி எண்ணியே வரைபடத்தில் கற்களின் வரிசையும் இடைவெளியும் குறிக்கப்படுகின்றன.

அடுத்த வேலை நோய்ச் சோதனை. ஒவ்வொரு குடும்பத்தின் நாற்றுகளையும் தொட்டியில் வளர்த்து, ஒன்றிரண்டு இலை விட்டதும் நோய் வித்து கலந்த நீரைத் தெளிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து எத்தனை நாற்று நோய்ப்பட்டது என்று எண்ணுவார்கள். பிறகு இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நோயைத் தாங்கிய குடும்பங்களில் எல்லாம் ஒரு குறிப்பிட்ட குறியீடு தாங்கும் தாத்தாவுடையதாகவே இருந்தால், எதிர்ப்பு மரபணு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள்.

1995-ல் வெளியான ஆய்வில் ஒரு முக்கியமான விவரம் தெரிந்தது. இந்தியா, நைஜர், நைஜீரியா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து எடுத்த நோய்க்கிருமிகளைத் தனித்தனியாகத் தெளித்துச் சோதித்தபோது, ஒவ்வொன்றையும் எதிர்க்கும் மரபணு இடங்கள் வெவ்வேறாக இருந்தன. ஓரிடத்து நோயைத் தாங்கும் கம்பு வேறிடத்து நோயைத் தாங்கும் என்று நம்பிவிட முடியாது. இரகம் தேர்வு செய்யும் விவசாயி நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

நாற்றிலேயே தேர்வு

எச்.எச்.பி. 67 ஒரு வீரிய ஒட்டு. அதற்குத் தாய் 843ஏ, தந்தை எச் 77/833-2. ஒட்டைச் சீர்திருத்த வேண்டுமானால் பெற்றோரைத்தான் சீர்திருத்த வேண்டும்.

இதற்குப் பின்கலப்பு முறை பழைய காலத்திலிருந்தே உண்டு. நோயைத் தாங்கும் வேறொரு கம்பைத் தந்தைக் கம்புடன் சேர்ப்பார்கள். பிறக்கும் செடியில் பாதி நம்முடையது, பாதி வெளியாள். அதை மறுபடியும் நம் தந்தைக் கம்புடனேயே சேர்த்தால் நம்முடைய பங்கு சராசரியாக 75 சதவீதம். இன்னொரு முறை சேர்த்தால் 87.5 சதவீதம். அதற்கடுத்து ஏறக்குறைய 94 சதவீதம். இப்படித் திரும்பத் திரும்பச் சேர்த்து, நோய் எதிர்ப்பு தவிர மற்றதெல்லாம் நம் கம்பாகவே ஆக்குவதுதான் பின்கலப்பு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்ப்பு மரபணு எந்தச் செடியில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நோயைத் தெளித்துச் சோதிக்க வேண்டும். ஒரு நாற்று நோய்ப்படாமல் தப்பியது என்றால் அது எதிர்ப்புச் சக்தியாலா, அல்லது வித்து அதன் மேல் விழாததாலா என்று ஒரு செடியை வைத்துச் சொல்ல முடியாது. சில மரபணுக்கள் ஒரு பிரதி மட்டும் இருக்கும்போது வெளியே தெரியவும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு தலைமுறை வளர்த்துப் பார்க்க வேண்டும். வருடங்கள் ஓடிவிடும்.

குறியீடு இருந்தால் வேலை வேறு மாதிரி. நாற்றின் இலை நுனியில் சிறு துண்டு கிள்ளி எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, நமக்கு வேண்டிய கற்கள் இருக்கின்றனவா என்று பரிசோதனைக் கூடத்தில் பார்க்கலாம். செடி பூக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். கற்கள் உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டு அதே பருவத்தில் அடுத்த சேர்க்கை செய்யலாம். மற்றவற்றைப் பிடுங்கி எறியலாம்.

ஒரு கல்லை மட்டும் நம்பினால் ஏமாற வாய்ப்புண்டு. கல்லுக்கும் மரபணுவுக்கும் 10 சென்டிமார்கன் இடைவெளி என்றால், பத்தில் ஒரு நாற்றில் கல் இருக்கும், மரபணு இருக்காது. அதனால் மரபணுவின் இருபுறமும் ஒவ்வொரு கல் பார்ப்பார்கள். இரண்டும் இருந்தும் நடுவில் உள்ள மரபணு தவறிப்போக வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ ஒன்றுதான்.

இன்னொரு பயனும் உண்டு. வெளியாளிடமிருந்து எதிர்ப்பு வரும்போது, அதன் பக்கத்தில் இருக்கும் வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரலாம். தாமதமாகப் பூக்கும் தன்மை வந்துவிட்டால் 65 நாள் கம்பின் அருமையே போய்விடும். மற்ற குரோமோசோம்களில் உள்ள கற்களையும் பார்த்து, வெளியாள் பங்கு குறைவாக உள்ள நாற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

2005-ல் வந்த சீர்திருத்திய ஒட்டு

இந்த வழியில் தந்தைக் கம்பு எச் 77/833-2 சீர்திருத்தப்பட்டது. எதிர்ப்பைக் கொடுத்தது ஐ.சி.எம்.பி. 451 என்ற கம்பு. தாய்க் கம்பு 843ஏ வழக்கமான பின்கலப்பு முறையிலேயே சீர்திருத்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கிடைத்த ஒட்டு ‘எச்.எச்.பி. 67 இம்ப்ரூவ்டு’ என்ற பெயரில் 2005-ல் வெளியிடப்பட்டது. மூலக்கூறு குறியீடுகளின் துணையோடு இந்தியாவில் உருவாகி விவசாயிகளின் கைக்கு வந்த முதல் கம்பு ஒட்டு இது. வயது பழைய கம்பைப் போலவே குறைவு. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் சக்தி கூடியது. சில ஆண்டுகளில் ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது.

தந்தைக் கம்பில் குறியீடு, தாய்க் கம்பில் வழக்கமான முறை என்பதைக் கவனியுங்கள். குறியீடு பயிர் வளர்ப்பாளரின் பழைய வேலையை ஒழித்துவிடவில்லை. வயலில் நின்று கதிர் பார்க்கும் வேலையும், நோய்ச் சோதனையும் அப்படியேதான் இருக்கின்றன. தேர்வு செய்யும் கண்ணுக்கு ஒரு கூடுதல் வெளிச்சம் கிடைத்திருக்கிறது.

கதை 2005-ல் முடிந்துவிடவும் இல்லை. பரப்பு பெருகியதும் நோய்க்கிருமியும் தன் வேலையைக் காட்டியது. அதனால் இன்னும் கூடுதலான எதிர்ப்பு இடங்களைச் சேர்த்து, எச்.எச்.பி. 67 இம்ப்ரூவ்டு 2 என்ற அடுத்த வடிவமும் உருவாக்கப்பட்டிருக்கிறது. கையில் வரைபடம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இது மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. பல விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. மரபணு மாற்றுப் பயிரில் ஆய்வகத்தில் ஒரு மரபணுவை எடுத்துப் பயிருக்குள் செலுத்துவார்கள். அது வேறு உயிரினத்திலிருந்தும் வரலாம். இங்கே கம்பையும் கம்பையும் மகரந்தத்தால்தான் சேர்க்கிறார்கள். ஆய்வகத்தில் நடப்பது இலையைப் பரிசோதிப்பது மட்டும். பல கன்றுகளில் எதை வைத்துக்கொள்வது என்று சுழி பார்த்துத் தேர்வு செய்வதைப்போல, பல நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது என்று டி.என்.ஏ. பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். சுழி பார்ப்பது நம்பிக்கை. இது அளந்து பார்த்த உறவு.

வறட்சியைத் தாங்கும் குணத்துக்கும் குறியீடு உண்டா?

உண்டு. ஆனால் அது நோய் எதிர்ப்பைப்போல் எளிதல்ல. பூத்த பிறகு வரும் வறட்சியைக் கம்பு எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்ததில், இரண்டாவது குரோமோசோம் தொகுதியில் ஒரு முக்கியமான இடம் கண்டறியப்பட்டது. பி.ஆர்.எல்.டி. 2/89-33 என்ற கம்பிலிருந்து அந்த இடத்தை எச் 77/833-2 கம்புக்கு மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். அந்த இடம் உள்ள செடிகள் மண்ணில் ஈரம் இருக்கும்போதே நீரைச் சிக்கனமாகச் செலவழித்து, பால் பிடிக்கும் நேரத்துக்கு மிச்சம் வைப்பது தெரிந்தது.

ஆனாலும் வறட்சி என்பது ஒரு மரபணுவின் விஷயம் அல்ல. மண்ணின் ஆழம், மழை நிற்கும் நாள், பயிரின் வயது எல்லாம் அதில் சேரும். ‘வறட்சி மரபணு உள்ள விதை’ என்று யாராவது சொல்லி அதிக விலைக்கு விற்றால் அப்படியே நம்ப வேண்டாம்.

2017-ல் இக்ரிசாட் தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து கம்பின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். 38,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் அடையாளம் காணப்பட்டன. 1994-ன் வரைபடத்தில் சில நூறு கற்கள்கூட இல்லை. இன்று லட்சக்கணக்கான கற்கள் கிடைக்கின்றன. இனி வரும் இரகங்களுக்கு இது பெரிய அடித்தளம்.

நம் வயலுக்கு எது பொருந்தும்?

எச்.எச்.பி. 67 வடக்கின் மிகக் குறைந்த மழைப் பகுதிக்கென்று உருவான கம்பு. நல்ல பெயர் கேட்டுவிட்டு அந்த விதையைத் தேடி வாங்கித் தமிழ்நாட்டில் விதைப்பது சரியல்ல. அகில இந்தியக் கம்பு ஆய்வுத் திட்டத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா எல்லாம் தனி மண்டலம். நாள் நீளம், மழை, நோய்க்கிருமியின் வகை எல்லாமே வேறு. இங்கே சோதித்துப் பரிந்துரைத்த இரகத்தையே விதைக்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 9 ஒரு வீரிய ஒட்டு. கோ 10 ஒரு கூட்டு இரகம். இந்த வேறுபாட்டை விவசாயிகள் அறிந்திருக்க வேண்டும்.

வீரிய ஒட்டின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கக் கூடாது. செடிகள் ஒன்றுபோல் வராது, விளைச்சல் குறையும். பெற்றோர் இருவரிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் பிரிந்து கலைந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் புதிய விதை வாங்க வேண்டும்.

கூட்டு இரகத்தில் சொந்த விதை எடுக்கலாம். கம்பில் சூல்முடி முதலில் வெளிவரும், மகரந்தம் பிறகுதான் வரும். அதனால் பக்கத்து வயல் மகரந்தம் எளிதாகக் கலந்துவிடும். வேறு கம்பு வயல் 200 மீட்டருக்குள் இல்லாத இடத்தில், வயலின் நடுப்பகுதியில், நோய் இல்லாத பல செடிகளின் கதிர்களைத் தேர்ந்து விதைக்கு வைக்க வேண்டும். ஒன்றிரண்டு பெரிய கதிரை மட்டும் எடுத்து வைப்பது தவறு.

விதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• சான்று விதைப் பையில் நீல நிற அட்டை இருக்கும். அதில் இரகத்தின் பெயர், குவியல் எண், சோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

• ரசீது கேட்டு வாங்க வேண்டும். பையின் அட்டையையும் சிறிதளவு விதையையும் அறுவடை முடியும்வரை எடுத்து வைக்க வேண்டும். வேறு இரகம் கலந்திருந்தாலோ முளைப்பு சரியில்லை என்றாலோ புகார் செய்ய இவைதான் சாட்சி.

• ‘மூலக்கூறு குறியீட்டில் உருவானது’ என்ற சொல்லுக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். ‘எந்த நோயைத் தாங்கும், எந்த மாவட்டத்துக்குப் பரிந்துரை, எத்தனை நாள் வயது’ என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

• ஊரில் எல்லோரும் ஒரே ஒட்டை விதைக்காமல், பரிந்துரைத்த இரண்டு மூன்று இரகங்களைப் பிரித்து விதைப்பது நல்லது. ஒரு ஒட்டின் எதிர்ப்பு உடைந்தாலும் ஊர் முழுவதும் நஷ்டம் வராது.

வயலில் செய்ய வேண்டியவை

எதிர்ப்புள்ள இரகம் விதைத்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கைவிடக் கூடாது. எதிர்ப்புச் சக்தி நீடிப்பதும் இவற்றைப் பொறுத்ததுதான்.

• விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு மெட்டலாக்சில் மருந்து 6 கிராம் கலந்து விதைக்கலாம். கடையில் வாங்கும் விதை ஏற்கெனவே நேர்த்தி செய்திருந்தால் மறுபடி தேவையில்லை. நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் சமையலுக்கோ கோழிக்கோ போடக் கூடாது.

• நாற்று நடும் இடங்களில், நோய் கண்ட நாற்றுகளைப் பிடுங்கும்போதே நீக்கிவிட வேண்டும்.

• நேரடியாக விதைத்த வயலில் 45 நாள் வரை நோய்ச் செடிகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதை வரப்பில் போடாமல் எரித்துவிட வேண்டும் அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும். பச்சைக் கொத்தோடு விட்டுவைக்கும் ஒவ்வொரு செடியும் அடுத்த ஆண்டுக்கு நோயை மண்ணில் விதைக்கிறது.

• நோய் தென்பட்டால் எக்டருக்கு 1 கிலோ மேன்கோசெப், அதாவது ஏக்கருக்கு 400 கிராம் தெளிக்கலாம். இது மற்ற செடிகளுக்குப் பரவுவதைக் குறைக்கும். ஏற்கெனவே பச்சைக் கொத்தான செடியை மாற்றாது.

• அதே வயலில் தொடர்ந்து கம்பையே விதைக்காமல், இடையே பயறு வகைகளோ நிலக்கடலையோ போட்டுப் பயிர் சுழற்சி செய்ய வேண்டும்.

நோயை எண்ணிப் பாருங்கள்

விதைத்த 30-வது நாள் வயலில் ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் 20 செடி வீதம் மொத்தம் 100 செடிகளைப் பாருங்கள். எத்தனை செடியில் நோய் என்று ஒரு நோட்டில் இரகத்தின் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இரகத்தை விதைத்தால் அதே நாளில் எண்ணுங்கள்.

போன ஆண்டு இரண்டு செடி, இந்த ஆண்டு பத்து செடி என்று எண்ணிக்கை ஏறிவந்தால், அந்த இரகத்தின் எதிர்ப்பு உங்கள் ஊரில் உடையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது இரகத்தை மாற்றுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ நோய்ச் செடியோடு சென்று தகவல் கொடுங்கள். புதிய வகை நோய்க்கிருமி எங்கே வந்திருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் முதலில் அறிவது இப்படி வயலிலிருந்துதான். அடுத்த இரகத்தில் எந்த எதிர்ப்பு மரபணுவைச் சேர்ப்பது என்று அவர்கள் முடிவு செய்ய உங்கள் நோட்டில் உள்ள அந்த எண்ணிக்கை உதவும்.